எழுந்து போனவர்களும் உட்கார்ந்திருந்தவளும்

புவெர்த்தோ அன்செல்மோ
16 மே 1994

செல்வி இவோன் தெச்சேரா அவர்களுக்கு,

நான் எழுந்து போகவில்லை.

இந்த மாதம் எட்டாம் தேதி ஞாயிறு மாலை நான்கு மணிக்கு, எங்கள் ஊர் இறைச்சி ஆலைத் தொழிலாளர் மன்ற அரங்கில் நீங்கள் எடுத்த 'நான்காம் கூடம்' திரையிடப்பட்டது. 'கொலைக்காட்சியின்போது, ஆலையின் முன்னாள் மேலாளருடைய விதவை தலைமையில் பார்வையாளர்கள் அருவருப்போடு வெளியேறினர்' என்று தலைநகர்ப் பத்திரிகை ஒன்று எழுதியிருக்கிறது. அந்த விதவை நான். எச்செபர்னேயின் மனைவியாக முப்பத்தொன்பது வருஷமும் விதவையாகப் பதினோரு வருஷமும் இந்த ஊரில் இருக்கிறேன். இதுவரை எதற்கும் யாருக்கும் தலைமை தாங்கியதில்லை.

நடந்தது இதுதான். அரங்கில் கணப்பு அதிகமாக எரிந்தது. மேல்கோட்டைக் கழற்றுவதற்காக எழுந்து நின்றேன். கழற்றி மடித்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அதற்குள் மற்றவர்கள் எழுந்தார்கள். கதவோரம் இருந்த நிருபர், முதலில் எழுந்தவள் நான் என்று குறித்துக்கொண்டு அவர்களோடு வெளியே போய்விட்டார். திரும்பிப் பார்த்திருந்தால் ஏழாவது வரிசையில் ஒரு தலை மிச்சம் இருந்ததைக் கண்டிருப்பார். கடைசிப் பெயர் திரையில் ஓடி முடியும்வரை அந்தத் தலை அங்கேதான் இருந்தது.

நீங்களும் அதைப் பார்க்கவில்லை. பட இயந்திர அறையின் பின்படி வழியாக இறங்கிப் பேருந்துக்கு ஓடிவிட்டீர்கள் என்று இயந்திரம் ஓட்டியவர் சொன்னார். விருந்துக்கு அழைத்தவர் விருந்து முடியுமுன் ஓடுவது மரியாதை இல்லை.

இதற்கிடையில் தேவாலயப் பெண்கள் சங்கத்துத் தலைவி ஒத்திலியா, மெம்பிரியோ பழப்பாகு வைத்த கேக்கோடு என் வீட்டுக்கு வந்தார். "ஊர் மானத்தைக் காப்பாத்திட்டீங்க லெயோனோர். அந்தக் கண்றாவியை எந்தக் குடும்பப் பெண் பார்ப்பா?" என்றார்.

"நான் பார்த்தேன்," என்றேன்.

"முழுசாவா?"

"முழுசா. நீங்க கேக்கை எடுத்துட்டுப் போங்க. நான் செய்யாததுக்குப் பரிசு வாங்கறதில்லை."

கன்னியர் மடத்துப் பள்ளியில் சாப்பாட்டு நேரத்தில் பேச்சு கூடாது. ஒரு கன்னியாஸ்திரி நின்றுகொண்டு புனிதர்களின் வரலாற்றை வாசிப்பார். உயிரோடு தோலுரிக்கப்பட்டவர், இரும்புச் சட்டத்தில் வாட்டப்பட்டவர் எல்லோரையும் நாங்கள் சூப் குடித்துக்கொண்டே கேட்டோம். தட்டில் மிச்சம் வைத்தால் அடி. பதினோரு நிமிஷம் ஒரு மனிதன் சாவதைப் பார்க்க எனக்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.

இதனால் படம் எனக்குப் பிடித்தது என்று எண்ணிவிட வேண்டாம். முதல் அரை மணியில் ஜனங்கள் சிரித்தார்கள் அல்லவா? காரணம் உண்டு. உங்கள் நடிகர் சாணைக்கம்பியில் கத்தியைத் தன் வயிற்றைப் பார்த்து இழுக்கிறார். இந்த ஊரில் அப்படிச் செய்பவனுக்கு ஒரு வாரத்தில் கட்டுப் போட வேண்டியிருக்கும். ரப்பர் காலணிகள் கடையிலிருந்து வந்த வெண்மையில் இருந்தன. இரத்தம் சிவப்பாகவே இருந்தது. காற்றுப் பட்ட இரத்தம் அந்த நிறத்தில் நிற்காது. ஒரு கதவு பற்றியும் பிழை இருக்கிறது. அதை இப்போது எழுதப்போவதில்லை.

நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். படம் உங்களுடையது என்பதால் உங்கள் சொல்லைப் பத்திரிகை மதிக்கும். நான் வெளியேறவில்லை என்று அவர்களுக்கு எழுதுங்கள்.

லெயோனோர் அராம்புரு
எச்செபர்னேயின் விதவை


மான்டெவீடியோ
23 மே 1994

திருமதி எச்செபர்னே,

காலணி, கத்தி, இரத்தத்தின் நிறம் எல்லாம் குறித்துக்கொண்டேன். நன்றி. பத்திரிகைக்கும் இரண்டு வரி எழுதிப் போட்டுவிட்டேன். போடுவார்களா தெரியாது.

நீங்கள் யார் என்று எனக்குத் தெரியும். 1970 ஜூலையில் நான்காம் கூடத்தில் ஆலை நிர்வாகத்தின் ஆட்களால் அடித்துக் கொல்லப்பட்டு, கொக்கியில் மாட்டப்பட்ட எலியோ தெச்சேரா என் அப்பா. எனக்கு அப்போது ஐந்து வயது. 'ஈரத்தரையில் வழுக்கிக் கொக்கிமேல் விழுந்தார்' என்று அறிக்கையில் கையெழுத்துப் போட்டவர் உங்கள் கணவர். இதையும் நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஆனாலும் உங்கள் கடிதம் முழுக்கக் கோட்டும் கேக்கும்தான்.

அப்பா செத்த பிறகு அந்தக் கூடத்தில் இருந்த இருநூற்றுச் சொச்சம் பேரும் நாற்பது நிமிஷம் வேலை செய்தார்கள். அவர் அங்கேயே தொங்க, வெட்டிய மாடுகள் அவரைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன. அம்மா அதற்காகத்தான் என்னைத் தூக்கிக்கொண்டு அந்த ஊரை விட்டு வந்தாள். இப்போது அதே ஆட்களுக்கு, அதை நான் படமாக எடுத்துக் காட்டினால், உட்கார்ந்து பார்க்கக்கூட முடியவில்லை. திரையில் அவர் விழுந்த அந்த நொடியில் நாற்காலிகள் மடங்குகிற சத்தம் கேட்டது. இன்னும் கேட்கிறது. உங்கள் ஊர் என் அப்பாவை இரண்டு தடவை விட்டுப் போனது. நான் எதற்கு நின்று விருந்தோம்ப வேண்டும்?

இங்கே தலைநகரில் ஒருவர் வாந்தி எடுத்தார். ஒருவர் எழுந்து "போதும், புரிஞ்சிடுச்சு, நிறுத்து!" என்று திரையைப் பார்த்துக் கத்தினார். ஒரு பெண் கழிவறையில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உனக்கு என்ன வியாதி?" என்று கேட்டாள். விழாவுக்கு வந்த வெளிநாட்டுக்காரர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். அது வாந்தியை விட மோசமாக இருந்தது.

விநியோகஸ்தர் அந்தப் பதினோரு நிமிஷத்தை இரண்டாக்கச் சொல்கிறார். "சொந்த ஊரே எழுந்து போயிடுச்சு. வேற யார் உட்காருவாங்க இவோன்?" என்கிறார். என்னிடம் பதில் இல்லை. ஜூன் இருபதாம் தேதி அதற்கான ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுகிறேன். வெட்டிய பிறகு ஒத்திலியாவும் பார்க்கலாம்.

நீங்கள் ஒருத்தி உட்கார்ந்திருந்ததற்கு நான் என்ன செய்ய வேண்டும்? இன்னொரு கேக் அனுப்பவா?

இவோன் தெச்சேரா


புவெர்த்தோ அன்செல்மோ
30 மே 1994

செல்வி தெச்சேரா,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். மரியாதைக் குறைவை விட்டுவிடுகிறேன். அதற்கு உங்களுக்கு உரிமை இருக்கிறது. என்னைத் திகைக்க வைத்தது வேறு. உங்களுக்குத் தெரியவே தெரியாதா? உங்கள் அம்மா சொல்லவில்லையா?

அப்படியானால் எழுதுகிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

ஆலையில் மாடு வெட்டுகிற கூடத்தில் யாராவது இறந்தால், கத்தி வைத்திருப்பவர்கள் கத்தியை அந்தந்த இடத்திலேயே கீழே வைப்பார்கள். தொப்பியைக் கழற்றுவார்கள். ஒரு வார்த்தை பேசாமல் எல்லோரும் வெளியே முற்றத்துக்குப் போவார்கள். ஒருவர் பாக்கியில்லாமல் போக வேண்டும். உள்ளே இறந்தவர் மட்டும் இருப்பார். அந்தக் கூடம் கொஞ்ச நேரம் அவருக்கு மட்டும் சொந்தம். பிறகு நான்கு பேர் போய்த் தூக்கிவருவார்கள். அவர் முற்றத்தைக் கடந்து போகும்வரை யாரும் தலையில் எதையும் போடுவதில்லை. யாராவது உடம்பு முடியாமல் உள்ளே தங்கிவிட்டால்கூட, அவரோடு அப்புறம் ஒரே குடுவையில் மாத்தே தேநீரை யாரும் பகிர்ந்து குடிக்க மாட்டார்கள். இதை யார் ஏற்படுத்தினார்கள் என்று தெரியவில்லை. நான் கல்யாணமாகி இங்கே வந்த 1944இலேயே இருந்தது. அலுவலக ஜன்னலிலிருந்து மூன்று தடவை பார்த்திருக்கிறேன்.

இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வாருங்கள். திரையில் உங்கள் அப்பா விழுந்தார். நாற்காலிகள் மடங்கின. யாராவது கத்தினார்களா? விசில் அடித்தார்களா? ஒரு கெட்ட வார்த்தை உங்கள் காதில் விழுந்ததா? நூற்றெண்பது பேர் எழுந்தார்கள், எனக்கு முன்வரிசையில் இருந்தவர் இருமலைக்கூட அடக்கிக்கொண்டு போனார். அருவருப்பில் போகிறவர்கள் அப்படிப் போக மாட்டார்கள்.

நீங்கள் பின்படியில் இறங்காமல் முன்வாசலில் இறங்கியிருந்தால், தெருவில் குளிரில் எல்லோரும் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பதைக் கண்டிருப்பீர்கள். படம் முடிந்து நான் வெளியே வந்தபோதும் நின்றுகொண்டிருந்தார்கள். எனக்கு வழி விட்டார்கள். யாரும் வணக்கம் சொல்லவில்லை.

உங்கள் கடிதம் வந்த மறுநாள் நிகாசியோ உம்பியேரெஸுக்கு ஆள் அனுப்பினேன். அவர் நான்காம் கூடத்தில் முதல் கத்தி, வெட்டுகிறவர்களுக்கெல்லாம் தலைவர். இப்போது எழுபத்திரண்டு வயது, இடது கையில் மூன்று விரல். என் வீட்டு வாசலுக்குள் அவர் வருவதில்லை. வெளிக்கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டே பேசினார்.

"அந்தப் பெண் படத்தை வெட்டப்போகிறாள்," என்றேன். "நீங்கள் எழுந்து போனது அவமானமாக இருந்ததாம்."

"யாருக்கு?"

"அவளுக்கு."

அவர் சொன்னார்: "தோன்யா லெயோனோர், எலியோவுக்கு நாங்க இருபத்து நாலு வருஷமா கடன்பட்டிருக்கோம். மகராசி அந்தக் கூடத்தை அப்படியே கட்டி வச்சிருந்துச்சு. தண்டவாளம், கொக்கி, எல்லாம். பின்னாடி முத்தத்துக்கதவு. கதவு திறந்து கிடக்குது. வெயில் தெரியுது. திறந்து வச்சிருக்கா பொண்ணு, இப்பவாச்சும் போங்கடான்னு. போகலைன்னா நாங்க மனுசங்களா?"

"அவளிடம் அதைச் சொல்லியிருக்கலாமே."

"என்னத்தச் சொல்றது? அது எங்களைத் திட்டத்தான் திறந்து வச்சிருக்குன்னு தெரியாதா எங்களுக்கு? திட்டட்டும். நாங்க போயிட்டோம்ல."

போகும்போது திரும்பி, "அது ஏன் கத்தியை வயித்தைப் பார்த்துத் தீட்டுது அந்தப் பய? அதை மட்டும் மாத்தச் சொல்லுங்க," என்றார்.

ஆகவே, செல்வி தெச்சேரா, விநியோகஸ்தருக்கு உங்களிடம் இப்போது பதில் இருக்கிறது. பதினோரு நிமிஷத்தில் ஒரு நொடி குறைத்தாலும் அது அந்த நூற்றெண்பது பேரைத் திரும்ப உள்ளே இழுத்துவந்து உட்கார வைப்பதாகும். வெட்டாதீர்கள். வாந்தி எடுப்பவர்கள் எடுக்கட்டும். துடைக்கத் துணி இருக்கிறது.

லெயோனோர் அராம்புரு


மான்டெவீடியோ
6 ஜூன் 1994

திருமதி லெயோனோர்,

உங்களை நம்புவதா என்று மூன்று நாள் யோசித்தேன். பிறகு அம்மாவுக்குத் தொலைபேசியில் பேசினேன்.

"அம்மா, கூடத்துல யாராவது செத்தா எல்லாரும் வெளிய போவாங்களாமே?"

"ஆமா."

"ஏன் எங்கிட்ட ஒரு தடவைகூட சொல்லல?"

"உங்கப்பாவுக்குப் போகலையே. போகாததைப் பத்தி என்னத்தைச் சொல்ல? கல்யாணத்துக்கு அப்புறம் நான் பார்த்த அஞ்சு சாவுக்கும் போனானுங்க. குடிச்சுட்டு வந்து தானே விழுந்தவனுக்குக்கூடப் போனானுங்க. எலியோ அவனுங்களுக்காகத்தான் வேலைநிறுத்தம்னு கத்தியைக் கீழ வச்சாரு. அவருக்கு மட்டும் போகல."

"இப்போ போயிருக்காங்கம்மா. படத்துல."

அம்மா, "படத்துல," என்றாள். அவ்வளவுதான். மறுநாள் அவளே கூப்பிட்டு, "உம்பியேரெஸ் தொப்பியைக் கழட்டினாரா?" என்று கேட்டாள். கழற்றினார் என்றேன். உங்களை நம்பித்தான் சொன்னேன். பொய்யாக இருந்தால் உங்களை மன்னிக்க மாட்டேன்.

கிழவர் சொன்னது சரி. அந்தக் கதவை நான் வேண்டுமென்றேதான் திறந்து வைத்தேன். அப்பா செத்த பிறகு ஊர்க்காரர்கள் அம்மாவிடம் வந்து, 'கதவை வெளியிலிருந்து தாழ்ப்பாள் போட்டுவிட்டார்கள், போக முடியவில்லை' என்றார்களாம். அறிக்கையில் தாழ்ப்பாள் பற்றி ஒரு சொல் இல்லை. ஆலை நிர்வாகம் அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாளே கிடையாது என்றது. ஆற்றோரத்து மற்ற ஆலைகளில் இவர்களுக்கு 'பிணத்துக்கடியில் வேலை பார்த்தவர்கள்' என்று பெயர். அம்மாவும் நம்பவில்லை. நானும் நம்பவில்லை. செட் போட்ட தச்சரிடம், "கதவை விரியத் திறந்து வை, வெளிச்சம் கண்ணைக் கூசணும்," என்றேன். ஒவ்வொரு பார்வையாளரும் அந்தக் கதவைப் பார்த்து, 'போயிருக்கலாமே' என்று நினைக்க வேண்டும். படத்தின் முதுகெலும்பே அதுதான்.

உங்கள் முதல் கடிதத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். 'ஒரு கதவு பற்றியும் பிழை இருக்கிறது. அதை இப்போது எழுதப்போவதில்லை.'

என்ன பிழை?

காலணியின் வெண்மையைக்கூட விடாதவர் நீங்கள். அதை மட்டும் ஏன் விட்டீர்கள்? நீங்கள் ஏன் எழுந்து போகவில்லை? வழக்கம் தெரிந்தவர், மூன்று தடவை பார்த்தவர். எல்லோரும் போனபோது உட்கார்ந்திருப்பது எவ்வளவு பெரிய அவமரியாதை என்று உங்களுக்குத் தெரியாமலா இருக்கும்?

கையெழுத்துக்கு இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. விநியோகஸ்தர் தினமும் கூப்பிடுகிறார். கதவு சாத்தியிருந்தது என்றால் நான் எடுத்தது பொய். பொய்யை வெட்டினால் என்ன, வெட்டாவிட்டால் என்ன?

இவோன்


புவெர்த்தோ அன்செல்மோ
11 ஜூன் 1994

இவோன்,

கேட்டுவிட்டீர்கள். கேட்காமலிருந்தால் சொல்லியிருப்பேனா என்று எனக்கே நிச்சயமில்லை. இருபத்து நான்கு வருஷமாக யாரும் கேட்கவில்லை என்பது எனக்குச் சௌகரியமாக இருந்தது. கேட்டால் பொய் சொல்ல மாட்டேன் என்று ஒரு பெருமையும் இருந்தது. கேட்காத இடத்தில் உண்மையோடு இருப்பது சுலபம்.

எங்கள் வீட்டில் மதியச் சாப்பாடு ஒன்றரை மணிக்கு. என் கணவர் ராமிரோ ஆலையிலிருந்து நடந்து வருவார். அன்று புதன்கிழமை. தட்டில் இறைச்சியும் பூசணிக்காயும் பரிமாறியிருந்தேன். ஒன்று நாற்பதுக்குத் தொலைபேசி அடித்தது. சாப்பாட்டு அறையில்தான் அந்தக் கருவி இருந்தது. எனக்கும் அதற்கும் இரண்டு கை தூரம். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்:

"செத்துட்டானா? ... சரி. முத்தத்துக்கதவைச் சாத்துங்க. வெளியிலிருந்து தாழ்ப்பாள் போடுங்க. ஒருத்தன் வெளிய போகக் கூடாது. மாடு வெட்டுற வரிசை நிக்காம ஓடணும்."

உட்கார்ந்தார். உப்பு கேட்டார். உப்புக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தேன்.

அன்று சாயங்காலம் அறிக்கையைச் சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்தவள் நான். ஆலையின் முக்கியமான காகிதங்களை அவர் என்னிடம்தான் தருவார். அலுவலகத்தில் இலக்கணம் தெரிந்தவர்கள் இல்லை. உங்கள் அப்பா 'தன் முட்டாள்தனத்தால்' விழுந்தார் என்று சொன்னார். நான் அதை 'தன் கவனக்குறைவால்' என்று திருத்தினேன். அதுவே நாகரிகமாக இருந்தது. அந்தச் சொல் என்னுடையது.

முதல் அறிக்கையில் தாழ்ப்பாள் இருந்தது. ராமிரோவுக்கு அதை மறைக்கத் தோன்றவில்லை. கூடத்தைக் கட்டுக்குள் வைத்ததற்குப் பாராட்டு வரும் என்று எண்ணினார். 'மேலாளரின் உத்தரவுப்படி 1.45க்கு முற்றத்துக் கதவு வெளிப்புறம் தாழிடப்பட்டது. 212 தொழிலாளர்கள் உள்ளே இருந்தனர். 2.25க்குத் தாழ் நீக்கப்பட்டது.' இதுதான் அந்தப் பகுதி. இரண்டு நாள் கழித்துத் தலைநகர் வக்கீல் அந்த மூன்று வரிகளை எடுக்கச் சொன்னார். எடுத்துவிட்டு வேறு தாளில் அடித்துக் கொடுத்தேன். அவற்றின் இடத்தில் 'பணி தடையின்றித் தொடர்ந்தது' என்று ஒரே வரி வைத்தேன். பத்தி சரியாக அமைந்தது.

உங்கள் படத்தின் கடைசியில், கறுத்த திரையின்மேல் ஒரு பெண் குரல் அந்த அறிக்கையை வாசிக்கிறது. என் வாக்கியங்கள். காற்புள்ளியில்கூட நிறுத்தி வாசித்தார்கள். அரங்கில் நான் மட்டும்தான் இருந்தேன். கேட்க வேண்டியவள் மட்டும் கேட்டாள்.

ஏன் எழுந்து போகவில்லை என்று கேட்டீர்கள். முற்றத்துக்குப் போகும் உரிமை அந்த இருநூற்றுப் பன்னிரண்டு பேருடையது. தாழ்ப்பாள் போடச் சொன்ன வீட்டின் மேசையில் உட்கார்ந்திருந்தவள் நான். அவர்களோடு போய்த் தெருவில் நின்று தலையைக் குனிந்திருந்தால் அதைத்தான் அவமரியாதை என்பேன். எனக்கு உள்ளேதான் இடம்.

முதல் அறிக்கையின் கார்பன் பிரதி என்னிடம் இருக்கிறது. நல்ல எண்ணத்தால் வைத்துக்கொண்டேன் என்று சொல்ல மாட்டேன். தட்டச்சு சொல்லித்தந்த கன்னியாஸ்திரி, பிரதியைக் கிழிக்கிறவள் சோம்பேறி என்பார். பழக்கத்தில் கோப்பில் வைத்தேன். பிறகு அந்தக் கோப்பு இருந்த அலமாரியை நான் திறந்ததில்லை.

நேற்று திறந்தேன். பொது எழுத்தர் ஒருவரிடம் கொண்டுபோய் ஒளிநகல் எடுத்து, அசலோடு ஒத்திருக்கிறது என்று முத்திரை வாங்கினேன். அது இதோடு இருக்கிறது. கார்பன் தாளைத் தபாலில் அனுப்ப மாட்டேன். நீங்கள் வந்து என் கையிலிருந்து வாங்கிக்கொள்ள வேண்டும்.

அங்கிருந்து உம்பியேரெஸின் வீட்டுக்குப் போனேன். இந்த முறை நான்தான் வெளிக்கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாசித்துக் காட்டினேன். மூன்று வரியும் முடிந்த பிறகு கேட்டார்:

"இத்தனை நாளா இது எங்க இருந்துச்சு தோன்யா?"

"என் அலமாரியில்."

"எங்க பசங்க பக்கத்து ஊர் ஆலைக்கு வேலை கேட்டுப் போனா, 'பிணத்துக்கடியில வேலை பார்த்தவன் மகனா'ன்னு கேட்டுத் திருப்பி அனுப்புவானுங்க. அப்பவும் அலமாரியிலதான் இருந்துச்சா?"

"அப்போதும்."

என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் உள்ளே போய் மனைவியைக் கூட்டிவந்து, "இன்னொரு தடவை படிங்க. இவளுக்குக் காது மந்தம், சத்தமாப் படிங்க," என்றார். சத்தமாகப் படித்தேன். எதிர்வீட்டுக்காரர்கள் வெளியே வந்தார்கள். அவர்களுக்கும் படித்தேன்.

அன்று மாலையே என் மகள் வீட்டுக்கு வந்தாள். செய்தி எனக்கு முன்னால் அவளிடம் போயிருந்தது. "அம்மா, செத்தவர் பேரை ஏன் கெடுக்கறீங்க?" என்றாள்.

"எந்தச் செத்தவர்?" என்று கேட்டேன். எழுந்து போய்விட்டாள்.

இனி தேவாலயத்தில் என் பெஞ்சில் யார் உட்காருவார்கள் என்று பார்க்கலாம். எனக்கு எழுபத்து மூன்று வயது. தனியாக ஒரு பெஞ்சில் உட்காருவது பழக்கம்தான். ஏழாவது வரிசையில் ஒத்திகை பார்த்தாயிற்று.

இப்போது உங்கள் படம். நீங்கள் எடுத்தது பொய் என்று எழுதியிருக்கிறீர்கள். இல்லை. அதில் ஒரு பிழை இருக்கிறது. பிழையைத் திருத்தலாம். பதினோரு நிமிஷத்தைத் தொடாதீர்கள். அதில் உங்கள் அப்பா எப்படி இறந்தாரோ அப்படியே இறக்கிறார். உம்பியேரெஸ் அங்கே நின்றவர், அவரே சொன்னார். கதவையும் மூட வேண்டாம். அந்தத் திறந்த கதவு வழியாகத்தான் அவர்கள் வெளியே போனார்கள். ஆனால் கடைசியில் கறுத்த திரைமேல் அந்தப் பெண் வாசித்து முடித்த பிறகு என்னைக் காட்டுங்கள். மேசைமேல் கார்பன் தாளை வைத்துக்கொண்டு, எடுத்துப்போட்ட மூன்று வரிகளை நான் வாசிக்கிறேன். முகத்தை இருட்டில் மறைக்க வேண்டாம். பெயரை முழுசாகப் போடுங்கள். எச்செபர்னேயின் விதவை என்பதையும் சேர்த்து. 'கவனக்குறைவால்' என் சொல் என்பதையும் சொல்வேன்.

இதைப் பார்த்து யாராவது வாந்தி எடுத்தால், அது என்னைப் பார்த்து எடுத்ததாக இருக்கட்டும்.

இன்னொன்று. மன்றத்தார் படத்தை மறுபடி திரையிட விரும்புகிறார்கள். உம்பியேரெஸ் என்னிடம், "நாங்க போக வேண்டிய இடத்துக்குப் போயிட்டு வந்துட்டோம். இந்தத் தடவை கடைசிவரை உட்காருவோம். கடைசியில என்ன ஆகுது தோன்யா? ஊர்ல உங்களுக்கு மட்டும்தானே தெரியும்?" என்று கேட்டார். நான் சொல்லவில்லை. வந்து பாருங்கள் என்றேன். முன்வரிசையில் உங்கள் அம்மாவுக்கு ஓர் இடம் வைத்திருக்கிறார்கள். அவர் வருவாரா என்பதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும். நான் அழைக்கத் தகுதியில்லாதவள்.

உங்களிடம் இரண்டு கேள்விகள். இருபதாம் தேதி கையெழுத்துப் போடப்போகிறீர்களா? கேமராவோடு எந்த நாள் வருகிறீர்கள்?

தொலைபேசியில் கூப்பிட வேண்டாம். அந்தக் கருவி இன்னும் சாப்பாட்டு அறையில்தான் இருக்கிறது. நான் அதை எடுப்பதில்லை. தயவுசெய்து எழுத்தில் பதில் அனுப்புங்கள்.

லெயோனோர் அராம்புரு
எச்செபர்னேயின் விதவை